சினை மோலியை நகர்த்தாதீர்கள்

வண்ணமீன் கடை தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் டப்பாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நோய் கண்ட மீனையும் பிறந்த குஞ்சுகளையும் தனியே வைக்கிற சிறு பிளாஸ்டிக் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அடியில் மணல் போடலாமா என்றெல்லாம். இதற்குப் பதில் சுருக்கமானது. மணல் வேண்டாம். பெரிய தொட்டியின் தண்ணீரையே மொண்டு ஊற்றுங்கள். புது பிளாஸ்டிக் என்றால் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வாடை போகும்வரை வெயிலில் காயவையுங்கள். உங்கள் மூக்குக்கு வாடை தெரிந்தால் மீனுக்கு அது நஞ்சு. மீதியை ஒரு மாதத்தில் உங்கள் கையே கற்றுக்கொள்ளும்.

கை தானாகக் கற்றுக்கொள்ளாதது ஒன்று உண்டு. அந்த டப்பாவை எப்போது எடுக்கக் கூடாது என்பது. அதை நான் தெரிந்துகொண்ட வீட்டைப் பற்றி எழுதுகிறேன். 

எண்பதுகளில் தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின் சந்தில் கடை வைத்தேன். பலகையில் ‘வண்ணமீன்கள்’ என்று பெரிதாக எழுதியிருந்தும், ஒகேனக்கல் பஸ்ஸை விட்டவர்கள் நேரே உள்ளே வந்து, “கெண்டை கெடைக்குங்களா, நறுக்கிக் குடுப்பீங்களா?” என்பார்கள். தங்கமீனை உற்றுப் பார்த்துவிட்டு, “இது ஒரு வாய்க்குக் கூடப் பத்தாதே” என்று வருத்தப்பட்டவர் உண்டு. எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்துக்கு மற்ற மீன்கள் தயங்கினாலும் கறுப்பு மோலி மட்டும் செழித்து நின்றது. அது குட்டி போடும் மீன். போட்ட குட்டியையே தின்னவும் செய்யும். அதனால்தான் குட்டி போடுமுன் தாயைப் பிடித்து டப்பாவில் விடுவது கடைக்காரர்களின் வழக்கமாயிற்று.

சேலத்தில் நான் வேலை பழகிய கடையின் முதலாளி அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். ஒருமுறை ஒருவர் வாங்குவதாகச் சொல்லிவைத்திருந்த, வயிறு புடைத்த மோலி ஒன்றை வலையில் அள்ளி டப்பாவுக்கு மாற்றினார். மறுநாள் பார்த்தால் அடியில் மஞ்சள் கரு ஒட்டிய குஞ்சுகள், கண் மட்டும் கறுத்து, அசையாமல் கிடந்தன. காலம் நெருங்கிய மீன் வலையில் பட்ட அதிர்ச்சியில் குறைக்குட்டி போட்டுவிட்டது. தாயும் சாய்ந்துவிட்டது. முதலாளி நல்ல மனிதர். ஆனாலும் அன்று அவர் சொன்னது இதுதான்: “கறுப்பு மோலியெல்லாம் ஒரே அச்சுடா. இன்னொண்ணப் புடிச்சு உடு. வாங்கறவனுக்கு என்ன தெரியப் போவுது?”

அவர் சொன்னதை நான் அப்போது நம்பினேன்.

மாதேஷ் என்றொருவர் பெங்களூர் நெடுஞ்சாலையில், அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருந்தார். வீடு கடைக்குப் பின்புறமே. அவர் மனைவி கஸ்தூரி மாசமாக இருந்தாள். முன்பு இரண்டு முறை தங்கவில்லை. இரண்டாவது முறை பாப்பிரெட்டிப்பட்டியில் உள்ள தாய்வீட்டுக்குப் பஸ்ஸில் போய் இறங்கிய அன்றே கலைந்தது. இந்த முறை டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். படுத்த இடத்தில் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும் என்று மாதேஷ் என்னிடம் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, அவள் கட்டிலுக்கு எதிரே வைத்தார். அதில் இரண்டு தங்கமீன், ஒரு ஜோடி ஏஞ்சல் மீன், ஒரு பெண் கறுப்பு மோலி.

மோலி சினையாகத்தான் வந்திருக்கிறது என்று விற்கும்போது எனக்குத் தெரியாது. சினை மீனின் வயிற்றில் விழும் கறுத்த பொட்டு கறுப்பு மீனில் தெரியாது. எல்லாம் ஒரே கறுப்பு.

ஒருநாள் காலை மாதேஷின் ஸ்கூட்டர் கடை வாசலில் வந்து நின்றது. அதன் சைலன்சர் ஓட்டை. சந்து முனையிலேயே அதன் சத்தம் தெரியும். இறங்காமலே பேசினார்.

“அண்ணா, அந்தக் கருப்பு மீனுக்கு வயிறு உப்பியிருக்குதுங்க. பக்கத்து வூட்டு அக்கா வந்து, இது பெத்ததையே தின்னுரும்னு கஸ்தூரிகிட்ட சொல்லிட்டுப் போயிருச்சு. ராத்திரி பூரா அவ தூங்கல. எங்கம்மா ‘மொதல்ல அத வூட்ட உட்டு எடு’ன்னு ஆடுது. அவ எடுக்க உடமாட்டேங்கறா.”

“பயப்படாதீங்க. சின்ன டப்பா ஒண்ணு வெச்சு, தாயத் தனியா விட்டுடலாம்” என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

மிட்டாய்க் கடைக் கண்ணாடி ஜாடிபோலத் தெளிவான பிளாஸ்டிக் டப்பா ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. மூடியில் சூடான கம்பியால் துளை போட்டது. அதையும், ஊறவைத்துக் காயப்போட்டிருந்த துணி அலசும் அளவுக்கு அகலமான பிளாஸ்டிக் டப்பு ஒன்றையும், வலையையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன்.

அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். சாமான் வைக்கும் சத்தம்கூட அடங்கியே கேட்டது. கஸ்தூரி இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து, கண்ணைத் தொட்டியை விட்டு எடுக்காமல், “வாங்கண்ணா” என்றாள். மாமியார் எனக்காக ஒரு டப்பு கழுவி வைத்திருந்தார். முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன்.

“எங்க வூட்டு டப்பு அவ்வளவு அழுக்கா தம்பி? சோப்புத் தூள் போட்டுத் தேச்சிருக்கறேன்.”

“அழுக்கா இருந்தாப் பரவால்லீங்கம்மா. சுத்தமா இருக்குது. அதுதான் ஆபத்து.”

கஸ்தூரி சிரித்தாள். சிரித்ததும் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நிறுத்திக்கொண்டாள். சிரிக்கவும் பயந்த ஒருத்தியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தொட்டிக்கு முன் உட்கார்ந்தேன். மோலி மூலையில் ஒண்டி நின்றது. வயிறு உருண்டையாக இல்லாமல் பெட்டிபோலச் சதுரமாகியிருந்தது. போட்ட தீனி மூக்கருகே மிதந்தும் அது தொடவில்லை. காலம் நெருங்கிய அடையாளங்கள் இவை. ஆனால் எவ்வளவு நெருக்கம் என்பதை எவராலும் சொல்ல முடியாது. வலையை உள்ளே இறக்கினேன். மீன் விலுக்கென்று பாய்ந்து கண்ணாடியில் மோதியது.

“அண்ணா, வேண்டாங்கண்ணா” என்றாள் கஸ்தூரி.

“நீ சும்மா இரு. எடுங்க தம்பி” என்றார் மாமியார்.

என் கை நின்றுவிட்டது. சேலத்து டப்பாவின் அடியில் கிடந்த கறுத்த கண்கள் நினைவுக்கு வந்தன. இங்கே அப்படி நடந்தால், இவள் படுத்த இடத்திலிருந்தே அதைப் பார்ப்பாள். எடுக்காமல் விட்டால், மற்ற மீன்கள் குஞ்சுகளை விழுங்குவதைப் பார்ப்பாள். இரண்டு பக்கமும் ஒரே குழி. தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் கை தயங்கினால் முதலில் வலையை வெளியே எடுத்துவிடுங்கள். யோசிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வலையை எடுத்தேன். தண்ணீர் அடங்கியது. பிறகுதான் அந்தச் சின்ன விஷயம் எனக்குப் பட்டது. இத்தனை வருடமாக எல்லாக் கடைக்காரரும் தாயைத்தான் பிடித்து நகர்த்துகிறோம். ஏன் மற்றவற்றை நகர்த்தக் கூடாது?

“இத இப்ப நகர்த்தக் கூடாதுங்கம்மா. நகர்த்தினாக் கலைஞ்சிரும். இது இருக்கற இடத்துலயே இருக்கட்டும். மத்த மீனையெல்லாம் டப்புக்கு மாத்திடறேன். ஏரியில இருந்து வேலம்பாசி கொண்டாந்து நெறய போட்டுட்டா குட்டிங்க அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். அப்புறம் குட்டிங்கள மட்டும் சின்ன டப்பாவுக்கு எடுத்துக்கலாம்.”

அப்படிச் சொல்லி முடித்தபோதுதான் வாசலில் ஓர் அம்பாசடர் கார் வந்து நின்றது. கஸ்தூரியின் அம்மா பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வாடகைக் கார் பிடித்து வந்திருந்தார். ஏழாம் மாதம் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கப்படி, கையில் பூவும் வளையலும் இருந்தன.

“டாக்டரு படுத்திருக்கத்தானே சொன்னாங்க? கார்லயே படுத்துக்கிட்டு வரட்டும். புகுந்த வூட்டுல பெத்தா ஊர்ல என்ன சொல்லுவாங்க? எங்க வூட்டுல சோறு இல்லியா சம்மந்தி?”

மாமியார் மறுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது முறையும் ஏதாவது நடந்தால் அது தன் கூரையின் கீழ் நடக்க வேண்டாம் என்ற பயம் அதில் இருந்தது. மாதேஷ் இரண்டு அம்மாக்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். 

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். “அண்ணா, அந்த மீனுக்குச் சொன்னீங்கல்ல. அதையே இன்னொரு வாட்டி சொல்லுங்க. எங்கம்மாவுக்குக் கேக்கற மாதிரி.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் கையில் ஈர வலை.

“எனக்கு மீனப் பத்தித்தான் தெரியும்மா. உன்னப் பத்தி டாக்டரம்மாதான் சொல்லணும்.”

“அவங்க சொல்லிட்டாங்க. யாரு காதுலயும் ஏறல. வயித்தோட இருக்கற மீன நகர்த்தினாக் கலைஞ்சிரும்னு நீங்க சொன்னது ஏறுச்சே, எங்கத்த மூஞ்சியப் பாருங்க” என்றாள்.

அவள் அம்மா தொட்டியருகே குனிந்தார். “எது அந்த மீனு? வால்ல கடிபட்டிருக்குதே, அதா?” ஏஞ்சல் கடித்துப் பிறைபோல ஒரு துண்டு மோலியின் வாலில் இல்லாமல் இருந்தது. அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“சரி. இது நல்லபடியாப் பெத்துப் பொழச்சா எம்மவ இங்கியே இருக்கட்டும். இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் ஒரு நொடி பொறுக்க மாட்டேன். கூட்டிட்டுப் போயிருவேன். அடுத்த வெள்ளி கார் வரும்.”

மாமியாரும் தலையாட்டினார். கார் காலியாகத் திரும்பியது.

டாக்டரின் வார்த்தையால் ஆகாதது ஒரு மீனின் மேல் வைக்கப்பட்டுவிட்டது. அந்த மீன் என் கடை மீன். அதற்குச் சொன்ன வார்த்தை என் வார்த்தை. தங்கமீன்களையும் ஏஞ்சல்களையும் ஒவ்வொன்றாக டப்புக்கு மாற்றினேன்.

அதன்பின் வந்த நாட்களில் எனக்குக் கடையில் மனம் ஓடவில்லை. பாசி கொண்டுபோய்ப் போட்டேன். காற்று மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தேன். மின்சாரம் நின்றால் டப்பில் உள்ள மீன்களுக்குக் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றச் சொல்லிக்கொடுத்தேன். செய்ய வேண்டியது அவ்வளவுதான். பயத்துக்கு அது போதவில்லை. சந்து முனையில் ஓட்டைச் சைலன்சர் சத்தம் கேட்டாலே எண்ணிக்கொண்டிருந்த மீன் எண்ணிக்கை மறந்துபோகும். வேறொருவர் வண்டியாக இருக்கும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். குட்டி போட்ட மோலி ஓய்ந்து செத்துப்போவது அபூர்வமல்ல என்பதை நான் அந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. 

சேலத்து முதலாளியின் சொல் அடிக்கடி காதில் கேட்டது. கடைத் தொட்டியில் அதே அளவில் ஒரு பெண் மோலி இருந்தது. அதை யாருக்கும் விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்று கடையில் கேட்டவரிடம் அதற்கு உடம்பு சரியில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்கூட்டர் வந்தது. இந்த முறை மாதேஷ் இறங்கினார்.

“குட்டி போட்டுருச்சுங்கண்ணா. பாசிக்குள்ள பொடிப்பொடியா ஓடுது. ஆனா தாய்மீனு அடியில படுத்திருக்குது. தூங்குதுங்களா?”

“கஸ்தூரி என்ன சொல்லுது?”

“தூங்குதுன்னுதான் சொல்றா.”

மீன் பக்கவாட்டில் படுத்துத் தூங்காது என்று அவரிடம் சொல்லவில்லை. கடை மோலியைப் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கட்டி, மஞ்சள் பைக்குள் வைத்து மறைத்தேன். மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொண்டு கிளம்பவில்லை. வெறுங்கையோடு போகத் துணிவில்லை, அவ்வளவுதான். வழியெல்லாம் எதிரே வரும் ஒவ்வொரு அம்பாசடரையும் பார்த்துக்கொண்டே போனேன்.

வாசலில் மாமியார் நின்றிருந்தார். மாதேஷைக் கடைக்கு அனுப்பிவிட்டு என் அருகே வந்தார். குரல் மூச்சளவுதான் இருந்தது.

“தம்பி, அது செத்துப் போச்சு. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. இதே மாதிரி ஒண்ணு கொண்டாந்திருக்கீங்களா?”

நான் மஞ்சள் பையைத் தொட்டேன்.

“மாத்தி வெச்சிருங்க. பிரசவம் எங்க வூட்டுல வேண்டாம்னுதான் மொதல்ல நெனச்சேன், பொய் சொல்லல. ஆனா அந்த ரோட்டுல கார் குலுங்கினா அவ தாங்க மாட்டா. அவ பாக்கறதுக்குள்ள மாத்திருங்க.”

உள்ளே போனேன். கஸ்தூரி அதே பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். மோலி அடிமணலில் சாய்ந்து கிடந்தது. கண் வெளுத்திருந்தது. மேலே பாசிக்குள் கறுப்புக் கடுகுகள்போலக் குஞ்சுகள் விலகி விலகிச் சேர்ந்தன.

அவளை என்ன சொல்லி அந்தப் பக்கம் திரும்பச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவளே பேசினாள்.

“விடியறப்பவே போயிருச்சுண்ணா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கடைசிக் குட்டி வெளிய வந்து நீந்தற வரைக்கும் நின்னுச்சு. அப்புறந்தான் சாஞ்சுச்சு. அத்தைக்குத் தெரியாது, பயந்துருவாங்க. பையில என்ன?”

நான் மஞ்சள் பையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“அதேதானே? அம்மா வர்றதுக்குள்ள உட்டுருங்க. ஆனா மொதல்ல குட்டிங்கள எடுத்துருங்க. புதுசு, அதுங்களத் தின்னுரும்.”

தொழில்காரன் நான். அந்த வரிசையை அவள் எனக்குச் சொன்னாள்.

தொட்டித் தண்ணீரையே சிறு டப்பாவில் நிரப்பினேன். வலை போடாமல், ஒரு கிண்ணத்தைச் சாய்த்து, குஞ்சுகள் தண்ணீரோடு தாமாக உள்ளே வரும்படி கொஞ்சம் கொஞ்சமாக மொண்டேன். ஒன்று கூட வெளியே துள்ளவில்லை. டப்பாவை அவள் தலைமாட்டு ஸ்டூலில் வைத்தேன். செத்த மீனைத் துணியில் சுற்றி மஞ்சள் பையின் அடியில் போட்டேன். புது மோலியைப் பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டேன். சூடு ஒத்துவரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. விதியை மீறி முடிச்சை அவிழ்த்தேன்.

கஸ்தூரியின் அம்மா உள்ளே வந்தார். மகளைப் பார்க்கவில்லை. நேராகத் தொட்டியின் முன் குனிந்தார். மோலி புது இடத்தில் திகைத்து, பின் மெதுவாக அவர் முகத்துக்கு நேரே நீந்தி வந்து திரும்பியது. வால் முழுசாக, ஒரு குறையும் இல்லாமல் விரிந்தது.

 பிறை. அந்தக் கடித்த பிறையை நான் மறந்தே போயிருந்தேன். கறுப்பு மோலியெல்லாம் ஒரே அச்சு இல்லை.

மாமியார் கதவோரம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டாள்.  கஸ்தூரியின் அம்மா என் மஞ்சள் பையைப் பார்த்தார். அதன் அடி ஈரமாகி, தரையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு மகளைப் பார்த்தார். மூடிய இமைகள் துடித்துக்கொண்டிருந்ததை அவரும் கண்டிருப்பார்.

“பெத்ததுல வாலு கூட ஆறிப் போச்சு போல” என்றார்.

மாமியார் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

“டிரைவரு! நீங்க போங்க. நாங்க வரல” என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அப்புறம் கொண்டுவந்த வளையல்களை எடுத்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, படுத்திருந்தவள் கையில் ஒவ்வொன்றாகப் போட்டார். மாமியார் சத்தமில்லாமல் அழுதுகொண்டே அடுப்படிக்குப் போனார்.

வேலை செய்யும் தம்பி தங்கைகளே, மாற்றி வையுங்கள் என்றோ வைக்காதீர்கள் என்றோ நான் சொல்ல மாட்டேன். இது மட்டும் சொல்வேன். ஒரு தொட்டியின் முன் நாள் முழுவதும் படுத்திருப்பவருக்கு நீங்கள் எதையும் மறைக்க முடியாது. அவர்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே வலையைத் தொடுங்கள். சினை மீனை நகர்த்தாதீர்கள், சுற்றியிருப்பதை நகர்த்துங்கள்.

அதன்பின் அந்த வீட்டிலிருந்து செய்தி எதுவும் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. கேட்கப் பயம். நெடுஞ்சாலைப் பக்கம் போகும் வேலைகளை வேறு ஆளிடம் ஒப்படைத்தேன். மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நாள் சந்து முனையில் அந்த ஓட்டைச் சைலன்சர் கேட்டது. கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். மாதேஷ் எஞ்சினை நிறுத்தாமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கண் சிவந்து, தாடி வளர்ந்து, பல நாள் தூங்காத முகத்தோடு இருந்தார்.

“அண்ணா, அந்தச் சின்ன டப்பா மாதிரி இன்னொண்ணு வேணும். அந்த மோலி திரும்பவும் வயித்தோட இருக்குது. கஸ்தூரியே வரேன்னு சொன்னா. எங்க உடறா, தூக்குனா கீழ வெக்க உடாம அழுவறா, ராத்திரி பூரா. யாரும் தூங்கறதில்ல.”

“யாரு?” என்றேன். 

“எம்மவதாங்கண்ணா” என்றார்.